காட்டு முயல் வேட்டைக்கு எது சரியான நேரம்?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒரு மேய்ச்சல் நிலத்தை நண்பகலில் சுற்றி வந்தால், முயல் இருப்பதற்கான தடயம் எல்லாம் கிடைக்கும், முயல் மட்டும் கிடைக்காது. வளை வாசலில் புது மண் தள்ளப்பட்டிருக்கும். வளையைச் சுற்றிப் புல் தரையோடு தரையாக மேயப்பட்டிருக்கும். உருண்டைப் புழுக்கைகள் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும். அதே சரிவுக்குப் பொழுது சாயும்போது போனால் பத்துப் பதினைந்து முயல்கள் சாவகாசமாக மேய்ந்துகொண்டிருக்கும்.

புதிதாகத் துப்பாக்கி உரிமம் எடுத்து, பண்ணை வைத்திருக்கும் நண்பரோடு முயல் வேட்டைக்குப் போக நினைக்கும் எவரும் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்குப் போகலாம்?" என்றுதான். கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குக் கடிகார மணியாகப் பதில் சொல்ல முடியாது. முயல் வெளியே வரும் நேரத்தை வெளிச்சம், வெப்பம், காற்று, பசி, பயம் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இவை ஒவ்வொன்றும் முயலை எப்படி நடத்துகின்றன என்று புரிந்துகொண்டால், எந்த ஊரில், எந்த மாதத்தில் போய் நின்றாலும் நேரத்தை நாமே கணித்துவிடலாம்.

முதலில் எந்த முயலைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். இது ஐரோப்பியக் காட்டு முயல். சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், குட்டையான காது, வாலடியில் வெள்ளை. கூட்டமாக நிலத்துக்கடியில் வளை தோண்டி வாழும். இதன் பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். அங்கே இது இன்று அருகி வருகிறது. ஆஸ்திரேலியாவில் கதை தலைகீழ். 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்ற நிலக்கிழார் இங்கிலாந்திலிருந்து முயல்களை வரவழைத்து, விக்டோரியாவில் வின்செல்சி ஊருக்கு அருகே பார்வன் பார்க் என்ற தன் பண்ணையில் வேட்டைப் பொழுதுபோக்குக்காக விட்டார். அவை பெருகி அரை நூற்றாண்டுக்குள் கண்டத்தின் மறுபக்கம் வரை பரவிவிட்டன. மேற்கு ஆஸ்திரேலிய அரசு 1901இல் தொடங்கி 1907இல் முடித்த முயல் தடுப்பு வேலியில் முதல் வேலி மட்டும் 1,800 கிலோமீட்டருக்கு மேல் நீளம். முயல் அதையும் தாண்டிப் போனது. அதனால் இங்கே முயல் சட்டப்படி தீங்கு செய்யும் விலங்கு. தன் நிலத்தில் அதைக் கட்டுப்படுத்துவது நில உரிமையாளரின் கடமை. துப்பாக்கி உரிமமும், நிலத்துக்காரரின் அனுமதியும் இருந்தால் வேட்டையாடலாம்.

தமிழ்நாட்டில் நாம் காட்டு முயல் என்று சொல்வது வேறு இனம். பிடரியில் கறுப்புத் திட்டு இருக்கும், காது நீளம், வளை தோண்டாது, புதரடியிலோ புல்லிலோ படுத்திருக்கும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. திருவிழாச் சடங்கு என்ற பெயரில் சில ஊர்களில் இன்னும் முயல் வேட்டைக்குக் கிளம்புகிறார்கள்; அது குற்றம், வனத்துறை பிடித்து வழக்கும் போடுகிறது. இந்தக் கட்டுரையில் வருகிற வேட்டை நுணுக்கம் எதுவும் அந்த முயலுக்கானது இல்லை. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் முயலைப் பார்த்து ரசிக்க இதைப் பயன்படுத்தலாம்; கருக்கல் நேரம் அதற்கும் பொருந்தும்.

பகலில் முயல் என்ன செய்கிறது?

பகல் முழுக்க அது தூங்குகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். பாதிதான் உண்மை. முயலின் உணவு புல். புல்லில் நார்ச்சத்து அதிகம், ஒரே முறையில் அதிலிருந்து சத்தை முழுதாக எடுக்க முடியாது. மாடு இதற்காக அசை போடுகிறது. முயலுக்கு அந்த வசதி இல்லாததால், அரைகுறையாகச் செரித்ததை மென்மையான, பிசுபிசுப்பான உருண்டைகளாக வெளியேற்றி, ஆசனவாயிலிருந்து நேராக வாயால் எடுத்து மறுபடி விழுங்கிவிடுகிறது. குடலின் ஒரு பகுதியில் நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்த இந்த உருண்டைகளில் புரதமும் வைட்டமினும் நிறைய. இந்த இரண்டாம் சாப்பாடு பெரும்பாலும் பகலில், வளைக்குள் பாதுகாப்பாக நடக்கிறது. நாம் வயலில் காணும் காய்ந்த கெட்டிப் புழுக்கை, அது மேயும் நேரத்தில் போட்டது.

ஆக முயலின் வயிறே ஒரு அட்டவணையில் ஓடுகிறது. பகலில் உள்ளே செரிமானம், மாலையில் பசி. மாலையில் முதலில் வெளியே வரும் முயல் பல மணி நேரமாகப் புதுப் புல்லைத் தொடாத முயல். அதனால்தான் அந்த முதல் ஒரு மணி நேரத்தில் அது தலையைக் குனிந்து மும்முரமாக மேய்கிறது. வேட்டைக்காரருக்கு இது முக்கியமான விஷயம், ஏனென்றால் மேயும் முயல் ஒரே இடத்தில் நிற்கும்.

இரண்டாவது, வெப்பம். முயலுக்கு வியர்வை கிடையாது என்றே சொல்லலாம். உடல் சூட்டை வெளியேற்ற அதற்கு இருக்கும் முக்கிய வழி காதுகள். அங்கே தோலுக்கடியில் ஓடும் ரத்தக் குழாய்கள் வழியாகச் சூடு வெளியே போகிறது. விக்டோரியாவில் ஜனவரி மாதம் 40 டிகிரி அடிக்கிற நாட்கள் வரும். அந்த வெயிலில் திறந்த புல்வெளியில் மேய்வது முயலுக்கு ஆபத்து. வளைக்குள் மண் வெகுவாகக் குளிர்ந்திருக்கும். வெளியே வர அவசரமே இருக்காது. கோடையில் அது வளையை விட்டு வருவதற்குச் சூரியன் ஏறத்தாழ அடிவானத்தைத் தொட்டாக வேண்டும். குளிர்காலத்திலோ இதே முயல் பிற்பகல் மூன்று மணிக்கே வளை வாசலில் வெயில் காய உட்கார்ந்திருக்கும்.

மூன்றாவது பயம், மற்ற இரண்டையும்விடப் பெரியது. பகலில் வானத்திலிருந்து ஆப்புவால் கழுகு போன்ற பெரிய பறவைகள் பார்க்கின்றன. ராத்திரியில் நரியும் காட்டுப் பூனையும் அலைகின்றன. பகலுக்கும் இரவுக்கும் இடைப்பட்ட அரை வெளிச்சத்தில், கழுகு அடையப் போய்விட்டது, நரி இப்போதுதான் கிளம்புகிறது. இந்த இடைவெளியில்தான் முயல் மேய வருகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். இது சரிதான், ஆனால் இதையே முழுக் காரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நரியும் கருக்கலில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். முயல் ஆபத்தே இல்லாத நேரத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. தன் கண்ணுக்கும் காதுக்கும் ஓரளவு சாதகமான நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறது.

அந்தக் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முயலின் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் உயரமாக அமைந்திருக்கின்றன. தலையைத் திருப்பாமலே கிட்டத்தட்ட தன்னைச் சுற்றி முழுவதையும், தலைக்கு மேலேயும்கூடப் பார்க்கும். மங்கிய வெளிச்சத்தில் நம்மைவிட நன்றாகப் பார்க்கும். ஆனால் நுணுக்கமான விவரம் தெரியாது. சிவப்பு நிறத்தை நம்மைப் போலப் பிரித்தறியாது. அசைவு என்றால் மட்டும் உடனே கண்டுபிடித்துவிடும். மரத்தடியில் ஆடாமல் உட்கார்ந்திருக்கும் மனிதரை முயல் பல நிமிடம் கவனிக்காமலே இருக்கலாம். அதே மனிதர் கையைத் தூக்கி மூக்கைத் தேய்த்தால் போதும், பின்னங்காலால் தரையில் ஓங்கி ஒரு தட்டு. அதைக் கேட்டதும் அந்த வளையில் இருக்கும் எல்லா முயலுக்கும் செய்தி போய்விடும். வெள்ளை வால்கள் வளைக்குள் மறைவதைத்தான் அப்புறம் பார்க்கலாம்.

கருக்கல் எவ்வளவு நேரம் நீடிக்கும்?

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்கும். சென்னையில் சூரியன் மறைந்த 20, 25 நிமிடத்தில் இருட்டிவிடும். நிலநடுக்கோட்டிலிருந்து விலகிப் போகப் போக, சூரியன் அடிவானத்தைச் சாய்வாகக் கடக்கும். அதனால் அந்தி நீளும். மெல்போர்ன் பக்கம் அது அரை மணி நேரம். ஸ்காட்லாந்தில் ஜூன் மாதம் முயலுக்காகக் காத்திருந்தால், மங்கலான வெளிச்சம் மணிக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கும்.

பருவம் மாறும்போது நேரம் எவ்வளவு நகர்கிறது என்பதையும் பாருங்கள். மெல்போர்னில் டிசம்பர் கடைசியில் சூரியன் ஏறத்தாழ இரவு 8.40க்கு மறைகிறது, காலை ஆறு மணிக்குச் சற்று முன் உதிக்கிறது. ஜூன் கடைசியில் மாலை 5.10க்கு மறைந்து, காலை 7.35க்கு உதிக்கிறது. சூரியன் மறைவதில் மூன்றரை மணி நேர வித்தியாசம். அதில் ஒரு மணி நேரம் கோடையில் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைப்பதால் வருவது. "போன தடவை ஆறரைக்குப் போனோம், நிறைய இருந்தது" என்று யாராவது சொன்னால், எந்த மாதம் என்று கேட்காமல் அந்தத் தகவலால் ஒரு பயனும் இல்லை.

பொதுவான கணக்கு இதுதான். கோடையில் சூரியன் மறைவதற்கு முன்னும் பின்னும் அரை அரை மணி, காலையில் விடிந்து முதல் ஒரு மணி நேரம். குளிர்காலத்தில் மாலையில் கடைசி இரண்டு மணி நேரம், காலையில் பனி உருகி வெயில் படத் தொடங்கும் நேரம். குளிர்காலத்தில் வெயில் படும் சரிவைத் தேட வேண்டும். இங்கே ஒரு குழப்பம் வரும்: தென் அரைக்கோளத்தில் சூரியன் வடக்குப் பக்கமாகச் செல்லும், அதனால் ஆஸ்திரேலியாவில் வடக்கு நோக்கிய சரிவுதான் சூடாக இருக்கும். இங்கிலாந்துக்காரர் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டுத் தெற்குச் சரிவில் போய் உட்கார்ந்தால் குளிர்தான் மிச்சம்.

மாலை நேரத்திலேயே ஒரு வரிசை உண்டு. பெரும்பாலும் இளம் முயல்கள்தான் முதலில் வெளியே வரும். வாசலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சுற்றிப் பார்க்கும், பிறகு வளையை ஒட்டியே மேயும். வளர்ந்தவை தாமதமாக வரும். வெளிச்சம் குறையக் குறைய தைரியம் கூடி, வளையிலிருந்து தள்ளிப் போகும். ஆனாலும் பெரும்பாலான முயல்கள் 150, 200 மீட்டரைத் தாண்டுவதில்லை. எங்கே உட்கார வேண்டும் என்பதை இந்த வரிசை சொல்கிறது: சீக்கிரம் போனால் வளையைப் பார்த்து உட்கார வேண்டும், நேரம் போகப் போக மேய்ச்சல் ஓரத்தைப் பார்க்க வேண்டும்.

காற்றும் சூரியனும்

சரியான நேரத்துக்குப் போயும் ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது காற்றில். முயலின் மூக்கு கூர்மையானது. காற்று உங்களிடமிருந்து வளைப் பக்கம் வீசினால், உங்கள் வாசனை உங்களுக்கு முன்னால் போய்விடும். முயலிடமிருந்து உங்கள் முகத்துக்குக் காற்று வர வேண்டும். இதுவரை எல்லோரும் சொல்வதுதான்.

அதிகம் பேசப்படாதது, மலைச் சரிவுகளில் காற்றுக்கும் ஒரு நேர அட்டவணை இருக்கிறது என்பது. பகலில் வெயில் பட்டுச் சூடான காற்று சரிவில் மேலே ஏறும். சூரியன் மறைந்ததும் நிலம் குளிர்ந்து, கனத்த குளிர்காற்று சரிவில் கீழே வழியத் தொடங்கும். வேறு பெரிய காற்று இல்லாத அமைதியான மாலையில் இதை முகத்தில் உணர முடியும். எனவே மாலை வேட்டைக்கு வளைக்குக் கீழே உட்கார்ந்தால், சூரியன் மறைந்த பிறகு காற்று முயலிடமிருந்து உங்களிடம் வரும். அதற்கு முன்னால் மணிக்கணக்கில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தால் உங்கள் வாசனை மேலே ஏறியிருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். காலையிலும் வெயில் சரிவைத் தொடும்வரை குளிர்காற்று கீழே இறங்கிக்கொண்டுதான் இருக்கும். வெயில் பட்ட கொஞ்ச நேரத்தில் திசை மாறும். காலை வேட்டை திடீரென்று முடிந்துபோவதற்கு இந்தத் திசைமாற்றமும் ஒரு காரணம்.

சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பது நல்லது. தாழ்ந்த சூரியன் முயலின் கண்ணில் அடிக்கும், உங்கள் பார்வைக்கு முயல் தெளிவாகத் தெரியும். ஒரே சிக்கல், பொழுது சாயும்போது உங்கள் நிழல் நீண்டு முன்னால் விழும். அது ஆடினால் நீங்கள் ஆடியது போலத்தான். மரத்தின் நிழலுக்குள் உங்கள் நிழல் அடங்கும்படி உட்கார்ந்துவிட்டால் பிரச்சினை இல்லை. வளையைத் தாண்டி நடந்து போகாமல், முயல் வெளியே வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே வந்து அமர்ந்துவிட வேண்டும்.

மழையைப் பற்றிச் சுருக்கமாக: கொட்டும் மழையில் முயல் வராது. நீண்ட மழை விட்டதும், நண்பகலாக இருந்தாலும், பசியோடு வெளியே வரும். பலத்த காற்றிலும் அதற்கு விருப்பமில்லை, காதால் எதையும் பிரித்துக் கேட்க முடியாது; அப்படிப்பட்ட நாளில் மேட்டின் காற்றடிக்காத பக்கத்தில் தேடலாம்.

காலையா, மாலையா?

பலரும் மாலையைத்தான் சிபாரிசு செய்வார்கள். வெளிச்சத்தில் போய் இடம் பார்த்து உட்காரலாம், முயல் நம்மை நோக்கி வெளியே வரும். காலையில் இருட்டில் நடந்து போக வேண்டும்; முயல்கள் ஏற்கெனவே வெளியே மேய்ந்துகொண்டிருக்கும்; ஒரு சுள்ளி முறிந்தால் எல்லாம் ஓடிவிடும்.

இருந்தாலும் புதிதாகத் தொடங்குகிறவர் சுடுவதற்குக் காலை நேரமே மேல் என்பது என் உறுதியான கருத்து. மாலையைப் பார்த்துப் பழக வைத்துக்கொள்ளலாம். காரணம் வெளிச்சம் போகும் திசை. மாலையில் ஒவ்வொரு நிமிடமும் வெளிச்சம் குறைகிறது. முயல்கள் அதிகமாக வருவதும் அந்தக் கடைசி நிமிடங்களில்தான். "இன்னும் ஒன்று" என்ற ஆசை அப்போதுதான் வரும். கை பழகாதவர் அந்த மங்கலில் சுட்டு, குண்டு உயிர்நிலையில் படாமல் முயல் காயத்தோடு வளைக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டால், அது அங்கே மெதுவாகச் சாகும். அதைத் தேடி முடித்துவைக்க வெளிச்சமும் இருக்காது. காலையில் ஒவ்வொரு நிமிடமும் வெளிச்சம் கூடுகிறது. முயல் தெளிவாகத் தெரியும்வரை காத்திருக்கலாம், சுட்ட பிறகு போய்ப் பார்க்கலாம். தீங்கு செய்யும் விலங்கு என்று சட்டம் சொல்வதால் அதற்கு வலி குறைந்துவிடுவதில்லை.

முயலுக்குப் பலரும் பயன்படுத்துவது பாயிண்ட் 22 ரிம்ஃபயர் ரைஃபிள் என்ற சிறு குண்டுத் துப்பாக்கி. 50 மீட்டர் தூரத்துக்குள், தலையைக் குறிவைத்து, துப்பாக்கிக்குத் தாங்கல் கொடுத்துச் சுட்டால் முயல் உடனே விழும். சின்னத் துப்பாக்கி என்று அலட்சியம் கூடாது. அதன் குண்டு ஒன்றரை கிலோமீட்டர் வரை போகக்கூடியது, கல்லிலோ தண்ணீரிலோ பட்டால் திசை திரும்பிப் பாயும். முயலுக்குப் பின்னால் குண்டை வாங்கிக்கொள்ளும் மண்மேடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேட்டு விளிம்பில் வானத்தை முதுகில் வைத்து உட்கார்ந்திருக்கும் முயலைச் சுடவே கூடாது. மேட்டுக்கு அப்பால் வீடோ மாடோ ஆளோ இருக்கலாம். அரை இருட்டில் இந்தத் தூரமெல்லாம் கண்ணை ஏமாற்றும்.

இன்னொன்று. முயலுக்குச் சாதகமான அந்தக் கருக்கல் வேறு பல விலங்குகளுக்கும் சாதகமானது. வல்லபி என்ற சிறு கங்காரு, பாண்டிகூட், பாஸம் போன்ற உள்நாட்டு விலங்குகள் எல்லாம் அப்போதுதான் கிளம்பும், எல்லாம் பாதுகாக்கப்பட்டவை. புதரோரம் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைவது முயலாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. முழு உருவமும் காதும் தெரியாமல் விசையில் விரல் போகக் கூடாது.

இருட்டிய பிறகு

ஆஸ்திரேலியப் பண்ணைகளில் ஸ்பாட்லைட் வேட்டை சகஜம். ஒருவர் வண்டி ஓட்ட, ஒருவர் விளக்கடிக்க, இன்னொருவர் சுடுவார். இரவில் முயல் வளையிலிருந்து நன்றாகத் தள்ளி மேய்வதால் எண்ணிக்கை அதிகம் கிடைக்கும். இதற்கு நிலா இல்லாத இரவுதான் ஏற்றது. நிலா வெளிச்சத்தில் முயல் திறந்தவெளிக்கு வரத் தயங்கும், வந்தாலும் தூரத்திலேயே வண்டியைப் பார்த்துவிடும். சிலர் விளக்குக்குச் சிவப்புக் கண்ணாடி போடுகிறார்கள். சிவப்பு ஒளி முயலை அவ்வளவாகக் கலைப்பதில்லை. ஒரே வயலில் அடிக்கடி விளக்கடித்தால் தப்பிப் பிழைத்த முயல்கள் வெளிச்சத்தைக் கண்டதுமே ஓடப் பழகிவிடும். பிறகு அந்த வயலுக்குச் சில மாதங்கள் ஓய்வு கொடுப்பதைத் தவிர வழியில்லை. வேட்டை அதிகமாக நடக்கும் இடங்களில் முயல்கள் மாலையில் வெளிவருவதையும் தள்ளிப்போட்டு, நன்றாக இருட்டிய பிறகே வரத் தொடங்குகின்றன. முயலின் அட்டவணையை நாமும் மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

புதியவர்கள் ஸ்பாட்லைட்டில் தொடங்க வேண்டாம். இருட்டில் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது, கண்ணில் மின்னும் ஒளியை மட்டும் வைத்து விலங்கை அடையாளம் காண்பது அனுபவசாலிகளுக்கே கடினம்.

நண்பகலுக்கும் வேலை உண்டு

முயல் பகலில் வளைக்குள் இருக்கிறது என்பது துப்பாக்கிக்காரருக்குத் தடை. மற்ற முறைகளுக்கு அதுவே அடிப்படை. ஃபெரெட் என்று ஒரு விலங்கு இருக்கிறது. கீரியைப் போல நீண்டு மெலிந்த உடம்பு, வளைக்குள் நுழைந்து முயலை விரட்டும். வளை வாசல்களில் எல்லாம் வலையை விரித்துவிட்டு ஃபெரெட்டை உள்ளே விடுவார்கள். முயல் பாய்ந்து வந்து வலையில் சிக்கும். இதற்கு நேரம் பகல். குட்டிகள் குறைவாக இருக்கும் சமயமாகப் பார்த்துச் செய்வார்கள். குட்டிகள் இருந்தால் ஃபெரெட் அங்கேயே தின்றுவிட்டு உள்ளேயே தங்கிவிடும்.

பண்ணைக்காரர்கள் டிராக்டர், புல்டோசர் வைத்து வளையையே கிழித்து அழிப்பதும் நண்பகல் வேலைதான். முதலில் நாய்களை விட்டு வெளியே இருக்கும் ஒன்றிரண்டையும் வளைக்குள் துரத்திவிடுவார்கள். நச்சு இரையைப் பிற்பகல் கடைசியில் போடுவார்கள். பகல் முழுக்கக் கிடந்தால் பறவைகள் தின்றுவிடும். இப்படி ஒவ்வொரு முறையும் முயலின் அதே நாளொழுங்கைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது.

இதைச் சொல்லியே ஆக வேண்டும்: துப்பாக்கியால் மட்டும் முயலைக் கட்டுப்படுத்த முடியாது. பெண் முயல் ஒரு மாதம் சினைப்பட்டு நான்கைந்து குட்டி போடும், போட்ட உடனேயே மறுபடி சினைப்படும். 1950இல் முயலைக் கொல்லும் மிக்சோமா வைரஸைப் பரப்பினார்கள். கொசுக்கள் அதை ஆற்றோரமாகக் கொண்டு போயின, கோடிக்கணக்கில் முயல்கள் செத்தன. பிறகு தப்பியவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது. 1995இல் தென் ஆஸ்திரேலியா மாநிலத்தின் வார்டங் தீவில் சோதனையில் இருந்த, முயலைக் கொல்லும் இன்னொரு வைரஸான காலிசி தானாகவே நிலப்பகுதிக்குத் தப்பிப் பரவியது. அதற்குப் பிறகும் முயல் இருக்கிறது. மாலையில் நான்கு முயல் சுடுவது சாப்பாட்டுக்கு ஆகும், பண்ணைக்காரருக்கு ஒரு கை உதவி. அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

மாதத்தையும் பார்க்க வேண்டும்

ஆஸ்திரேலியாவின் தெற்குப் பகுதிகளில் இலையுதிர்கால மழைக்குப் பச்சைப் புல் முளைத்ததும் இனப்பெருக்கம் சூடு பிடிக்கும். குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் உச்சத்தில் இருக்கும். தாய் முயல் குட்டிகளைத் தனி வளையில் வைத்து, வாசலை மண்ணால் மூடிவிட்டுப் போய்விடும். 24 மணி நேரத்தில் ஒரே ஒரு முறை, இரவில் வந்து, சில நிமிடம் பால் கொடுத்துவிட்டு மறுபடி மூடும். தாயைச் சுட்டுவிட்டால் அந்த மூடிய வளைக்குள் குட்டிகள் பட்டினியில் சாகும், வெளியே யாருக்கும் தெரியாது. கோடைக் கடைசியும் இலையுதிர்காலத் தொடக்கமும், அதாவது பிப்ரவரி, மார்ச், வேட்டைக்கு நல்ல காலம். புல் காய்ந்திருக்கும், குட்டிகள் மிகக் குறைவு, முயல் எண்ணிக்கையும் அடிமட்டத்தில் இருக்கும். கட்டுப்பாட்டு வேலைகளை அப்போதே முடித்துவிடச் சொல்லி வேளாண் துறையினர் அறிவுறுத்துவதற்கும் இதுதான் காரணம்.

வெயில் காலம் என்பதால் சுட்ட முயலை உடனே குடல் எடுத்துக் குளிர்பெட்டியில் போட வேண்டும், ஈ மொய்க்கத் தொடங்கினால் கெட்டுவிடும். கண் இமை வீங்கிச் சீழ் கட்டியிருந்தால் அது மிக்சோமா வைரஸால் வரும் மிக்சோமாடோசிஸ் நோய். அதைச் சமைக்க எடுத்துக்கொள்வதில்லை.

முதல் இரண்டு மூன்று மாலைகள் துப்பாக்கி இல்லாமல் ஒரு பைனாகுலரோடு போய் உட்காருங்கள். முதல் முயல் எப்போது வந்தது, எந்த வாசலிலிருந்து வந்தது, காற்று எந்தப் பக்கம், வெயிலா மப்பா என்று ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். நேரத்தை மட்டும் கடிகார மணியாக எழுத வேண்டாம். சூரியன் மறைவதற்கு எத்தனை நிமிடம் முன்னால் அல்லது பின்னால் என்று எழுதுங்கள். அப்படி எழுதிய குறிப்பு அடுத்த மாதமும், அடுத்த வருடமும் உதவும்.